எண்ணிக்கை தவறாத படகு
கடலில் தவறி விழுவோரைக் காக்கும் அபாய அறிவிப்புக் கருவிகள் பற்றிய பாடம்

பாடத்தின் நோக்கம்

இப்பாடத்தைக் குடும்பமாகவோ குழுவாகவோ படித்து முடிக்கும்போது மூன்று விடயங்கள் எமக்குத் தெளிவாக வேண்டும்.

1. ஓடும் படகிலிருந்து விழுந்தவர் ஏன் கிடைக்காமற் போகின்றார் என்பது.
2. ஆள் விழுந்ததை அறிவிக்கும் கருவிகள் எவ்வாறு வேலை செய்கின்றன, எங்கே கைவிடுகின்றன என்பது.
3. கருவி வாங்க வசதியில்லாத படகிலும் அதே காவலை எவ்வாறு ஏற்படுத்தலாம் என்பது.

வயலிலிருந்து கடலுக்கு

நிலத்தை நம்பி வாழ்ந்த குடும்பம் இடம்பெயரும்போது தொழிலும் மாறிப்போகின்றது. 1990 யூனில் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்தும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னியிலிருந்தும் வெளியேறிய விவசாயக் குடும்பங்கள் பல, உழுத காணியை விட்டுப் புது இடங்களில் வாழப் பழகிக்கொண்டன. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் லொட்ஜ் அறைகளிலும் உறவினர் வீடுகளிலும் தங்கி வேலை தேடிய எமது பிள்ளைகளில் சிலருக்குக் கிடைத்தது கடல்வேலை. முகத்துவாரத்திலிருந்து புறப்படும் பலநாள் படகு, நீர்கொழும்புப் பக்கத்து பைபர் வள்ளம், வெளிநாட்டுச் சரக்குக் கப்பல் என்று அவர்கள் போனார்கள்; இன்றும் போகின்றார்கள்.

கடற்கரையில் பிறந்த பிள்ளை பத்து வயதிலேயே காற்றையும் நீரோட்டத்தையும் அறிந்துகொள்கின்றது. எமது பிள்ளைக்குத் தெரிந்தது குளமும் வாய்க்காலும் கிணறும். குளத்தில் நீந்தியவர் களைத்தால் அணைக்கட்டு கண்ணுக்குத் தெரியும். கடலில் அப்படி ஒரு கட்டு இல்லை. ஆகவே கடலுக்குப் பிள்ளையை அனுப்பும் விவசாயக் குடும்பம், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு இன்னொன்றையும் கேட்கப் பழக வேண்டும்: "அந்தப் படகிலே ஆட்களை எண்ணுகிறவர் யார்?"

ஒரு நிமிடத்தின் கணக்கு

மீன்பிடித் தொழில் உலகின் மிக ஆபத்தான தொழில்களுள் ஒன்று. ஆண்டொன்றுக்கு 24,000 பேர் இத்தொழிலில் இறக்கின்றனர் என்று சர்வதேசத் தொழில் தாபனம் 1999இல் மதிப்பிட்டது. 2022இல் வெளியான ஆய்வொன்று இத்தொகை ஒரு இலட்சத்துக்கும் அதிகம் என்று கூறியது. புயலில் மூழ்கும் படகுகளை நாம் செய்தியில் அறிகின்றோம். ஆனால் அமைதியான இரவில், நல்ல படகிலிருந்து, ஒருவர் மட்டும் சத்தமில்லாமல் விழுந்து காணாமற் போவது பெரும்பாலும் செய்தியாவதில்லை.

ஐக்கிய அமெரிக்காவில் இதைக் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். 2000 முதல் 2016 வரையான காலத்தில் படகிலிருந்து தவறி விழுந்து 204 மீனவர்கள் அங்கு இறந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் விழுந்ததை ஒருவருமே காணவில்லை. இறந்த 204 பேரில் ஒருவர்கூட உயிர்காப்பு அங்கி அணிந்திருக்கவில்லை. வசதி படைத்த நாட்டின் கணக்கே இது.

ஏன் கிடைக்காமற் போகின்றார்கள்? ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பலநாள் படகு மணிக்கு 7 கடல்மைல் வேகத்தில் ஓடுகின்றது என வைத்துக்கொள்வோம். அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 216 மீற்றர். ஐந்து நிமிடத்தில் ஒரு கிலோமீற்றருக்கு மேல். ஒரு மணித்தியாலத்தில் 13 கிலோமீற்றர். இது கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் இடையிலுள்ள தூரத்தைவிட அதிகம். நீரில் மிதப்பவரின் தலை மாத்திரமே வெளியே தெரியும். அது ஒரு தேங்காயளவு. அலையுள்ள கடலில் சில நூறு மீற்றருக்கு அப்பால் அதைக் கண்ணால் காண்பது அரிது. இரவில் காணவே முடியாது. எஞ்சின் சத்தத்தில் அவர் கத்துவதும் கேட்காது.

ஆகவே, விழுந்தவரின் உயிர் அவருடைய நீச்சலில் மாத்திரம் தங்கியிருப்பதில்லை. அவர் விழுந்தது படகிலுள்ளவர்களுக்கு எத்தனை நிமிடத்தில் தெரிய வருகின்றது என்பதிலேயே பெரிதும் தங்கியிருக்கின்றது.

லூக்கா 15ஆம் அதிகாரத்திலுள்ள காணாமற் போன ஆட்டின் உவமையை நாம் அறிவோம். தொண்ணூற்றொன்பதை விட்டு ஒன்றைத் தேடிப்போன மேய்ப்பனின் அன்பை வியக்கின்றோம். ஒரு சிறு விடயத்தை மட்டும் கவனிக்காமல் விடுகின்றோம். தேடிப் போவதற்கு முன்பு அவன் எண்ணியிருக்க வேண்டும். எண்ணாதவனுக்கு ஒன்று குறைந்தது தெரியவே வந்திராது.

கருவிகள் மூவகை

ஆள் விழுந்ததை அறிவிக்கும் கருவி என்பது ஒவ்வொரு நொடியும் ஆட்களை எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு காவற்காரன். இவற்றை மூவகையாகப் பிரிக்கலாம்.

*முதலாவது வகை, சொந்தப் படகில் ஒலிப்பது.* ஒவ்வொருவரும் கையிலோ கழுத்திலோ இடுப்பிலோ ஒரு சிறு வில்லையை அணிந்திருப்பர். அது படகிலுள்ள பெட்டியோடு வானொலி அலைமூலம் இடைவிடாமல் தொடர்பில் இருக்கும். அணிந்தவர் நீரில் விழுந்தால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும். உடனே படகில் மணி அலறும். விழுந்த இடத்தைப் பெட்டி குறித்துக்கொள்ளும். சில கருவிகள் எஞ்சினையும் தாமாகவே நிறுத்திவிடும். இதன் குறை என்னவெனில், மணி அந்தப் படகில் மாத்திரமே கேட்கும். தனியே தொழிலுக்குப் போகின்றவருக்கு, எஞ்சினை நிறுத்தும் வசதி இல்லாவிட்டால், இதனால் பயனில்லை.

*இரண்டாவது வகை, அயலிலுள்ள படகுகளுக்கும் அறிவிப்பது.* இது உயிர்காப்பு அங்கியோடு பொருத்தப்படும். கப்பல்கள் தம்மை ஒன்றுக்கொன்று அடையாளங் காட்டும் அதே அலைவரிசையில் இது விழுந்தவர் இருக்கும் இடத்தை அனுப்பும். அந்த அலைகளை வாங்கும் கருவி உள்ள கப்பல்களின் திரையில் இவர் இருக்கும் இடம் தோன்றும். நீர்மட்டத்திலிருந்து அனுப்புவதால் சிறிய படகுகளுக்குச் சுமார் 4 கடல்மைல், அதாவது ஏறக்குறைய 7 கிலோமீற்றர் தூரம்வரைதான் எட்டும். அயலில் உள்ள படகுகளில் வாங்கும் கருவி இல்லையென்றால் இந்த அழைப்பு யாருக்கும் கேட்காது.

*மூன்றாவது வகை, செய்மதிக்கு அறிவிப்பது.* இது 406 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் செய்மதிக்கு அபாய அழைப்பை அனுப்பும். கனடா, பிரான்ஸ், ஐக்கிய அமெரிக்கா, சோவியத் யூனியன் ஆகிய நான்கு நாடுகள் 1979இல் ஒன்றிணைந்து தொடங்கிய 'கொஸ்பாஸ்-சார்சாற்' என்னும் முறை இது. பகை நாடுகளாக இருந்தவைகூடக் கடலில் தவிப்பவருக்காக ஒன்றுசேர்ந்தன என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 1982இல் முதலாவது உயிர் இம்முறையால் மீட்கப்பட்டது. செய்மதி பெற்ற அழைப்பு கரையிலுள்ள நிலையங்களின் ஊடாக அந்தப் பகுதியின் மீட்பு நிலையத்துக்குச் சேரும். எமது கடற்பகுதிக்கு அது கொழும்பில் கடற்படை நடத்தும் கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு நிலையம். ஆளொருவர் அணியும் சிறு கருவியை அவரே திறந்து அழுத்த வேண்டும்; வானம் தெரியும்படி அதன் கம்பியை நீருக்கு மேலே பிடிக்க வேண்டும். உதவி வந்து சேரப் பல மணித்தியாலம் ஆகலாம். அதுவரை மிதந்துகொண்டிருக்க அங்கி இல்லையென்றால் அழைப்பு போய்ச் சேர்ந்தும் பயனில்லை.

இந்தியாவில், விண்வெளி ஆய்வு நிறுவனம் இதையொத்த அபாய அழைப்புக் கருவியொன்றை மீனவர்களுக்கென உருவாக்கி 2010 முதல் பயன்பாட்டுக்குக் கொடுத்துள்ளது. 2024இல் வந்த அதன் புதிய வடிவம், அழைப்பு கிடைத்துவிட்டது என்று படகிலுள்ளவர்களுக்குப் பதிலும் அனுப்புகின்றது.

மயங்கிப் போக வேண்டாம்

இலங்கையின் பலநாள் படகுகளில் செய்மதிமூலம் படகைக் கண்காணிக்கும் பெட்டி பொருத்தப்பட்டிருப்பதை எமது பிள்ளைகள் கண்டிருப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீன் இறக்குமதியை 2015இல் தடைசெய்து 2016இல் அத்தடையை நீக்கிய காலத்தில் இது பரவலாகப் பொருத்தப்பட்டது. படகு எங்கே நிற்கின்றது என்பதை அது காட்டும். அதிலிருந்து ஓர் ஆள் குறைந்துவிட்டதை அது அறியாது. "எங்கள் படகில் செய்மதிப் பெட்டி இருக்குது" என்று முதலாளி சொன்னால், அது வேறு, இது வேறு என்று அறிந்துகொள்ள வேண்டும்.

அவ்வாறே, ஆள் விழுந்ததை ஒலித்துக் காட்டும் வில்லை படகே கவிழும்போது உதவாது. 2013 யூன் 8ஆம் திகதி தென்மேற்குக் கரையோரக் கடலில் வீசிய கடுங்காற்றில் நாற்பதுக்கும் மேற்பட்ட மீனவர்கள் இறந்தார்கள். அப்படியான வேளையில் உதவக்கூடியவை அணிந்திருக்கும் அங்கியும், செய்மதிக்கு அழைக்கும் கருவியும், அதற்கு முன்பாக வானிலை எச்சரிக்கையைக் கேட்டுக் கரையில் நிற்கும் அறிவுமே.

பழைய கருவிகளையும் கவனிக்க வேண்டும். 121.5 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் இயங்கும் பழைய அபாயக் கருவிகளின் அழைப்பைச் செய்மதிகள் 2009 பெப்ரவரி 1ஆம் திகதியிலிருந்து கேட்பதில்லை. மலிவாகக் கிடைக்கின்றது என்று அப்படியொன்றை வாங்குவது, வாய் பேசாத காவற்காரனுக்குச் சம்பளம் கொடுப்பது போன்றது. பற்றரியின் முடிவுத் திகதி கருவியில் அச்சிடப்பட்டிருக்கும். அதையும் பார்க்க வேண்டும்.

இன்னொரு விடயம் இடம்பெயர்ந்தோராகிய எமக்கே உரியது. செய்மதிக் கருவியைப் பதிவுசெய்யும்போது, வீட்டாரின் தொலைபேசி இலக்கமும் கேட்கப்படும். அழைப்பு வந்ததும் மீட்பு நிலையத்தார் அந்த இலக்கத்தோடு பேசி, இவர் உண்மையிலேயே கடலில்தானா, எந்தப் படகு, எத்தனை பேர் என்று விசாரிப்பார்கள். நாம் லொட்ஜ் மாறுகின்றோம், இலக்கம் மாற்றுகின்றோம். மாறிய இலக்கத்தைப் பதிவில் மாற்றாவிட்டால் அந்த அழைப்பு பழைய அறையிலேயே ஒலித்து ஓய்ந்துவிடும்.

வசதியில்லாத படகில் என்ன செய்வது?

நல்ல கருவியொன்றின் விலை கூலிக் குடும்பத்தின் ஒரு மாத வருமானத்தை விட அதிகமாக இருக்கலாம். அது வரும்வரை கைகட்டி நிற்கத் தேவையில்லை. கருவி செய்யும் வேலைகள் மூன்று: மிதக்க வைத்தல் அல்ல, ஆள் குறைந்ததை அறிதல், இடத்தைக் குறித்தல், எஞ்சினை நிறுத்தல் ஆகியன. இம்மூன்றையும் குறைந்த செலவில் செய்யலாம். மிதப்பதற்கு எப்படியும் அங்கி வேண்டும்.

1. *அங்கி.* படகில் இருந்தால் போதாது, உடம்பில் இருக்க வேண்டும். அங்கியைத் தலையணையாக வைத்துப் படுப்பதாலும் மேலே உட்காருவதாலும் உள்ளேயுள்ள மிதப்புப் பொருள் நசுங்கிப் பயனற்றுப் போகும். ஆழம் குறைந்த நீரில் அணிந்து மிதந்து பார்த்தபின் பயணம் போக வேண்டும். அதில் ஒரு விசிலும் சிறிய லைட்டும் கட்டி, ஒளியைத் திருப்பிக் காட்டும் நாடாவைத் தோளில் ஒட்ட வேண்டும்.

2. *எஞ்சின் கயிறு.* வெளியிணைப்பு எஞ்சின்களோடு ஒரு சிவப்புச் சுருள் கயிறு வரும். ஒரு முனை எஞ்சினின் நிறுத்தும் ஆளியில், மறு முனை ஓட்டுகின்றவரின் தொடையிலோ மணிக்கட்டிலோ இருக்க வேண்டும். அவர் விழுந்தால் எஞ்சின் நிற்கும். பலர் இதைத் தொந்தரவு என்று எஞ்சினிலேயே சுற்றி விடுகின்றனர். 2013 மே 5ஆம் திகதி இங்கிலாந்தின் கோர்ன்வோல் கரையில் ஒரு குடும்பத்தின் ஆறு பேரும் விரைவுப் படகிலிருந்து தூக்கி எறியப்பட்டனர். கயிறு யாருடைய உடலிலும் மாட்டப்பட்டிருக்கவில்லை. ஆளில்லாப் படகு வட்டமடித்து வந்து அவர்களையே மோதியது. தந்தையும் எட்டு வயது மகளும் இறந்தனர். அந்தக் கயிறு எஞ்சினோடு சேர்ந்தே வருவது. தனியாகப் பணம் கேட்பதில்லை.

3. *எண்ணிக்கை.* காவல் மாறும் ஒவ்வொரு தடவையும் பெயர் சொல்லி அழைத்து எண்ண வேண்டும். தூங்குகின்றவரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். "உள்ளே படுத்திருப்பான்" என்று எண்ணிக்கொள்வதே பல உயிர்களைக் குடித்த நினைப்பு. ஆள் குறைந்தது தெரியவரும்போது, கடைசியாக எப்போது எண்ணினோம் என்பதை வைத்தே தேட வேண்டிய தூரம் அளக்கப்படும். அரை மணிக்கு ஒரு தடவை எண்ணிய படகு ஆறரைக் கிலோமீற்றருக்குள் தேடலாம். காலையில் மட்டும் எண்ணும் படகு எங்கே தேடும்?

4. *இரவு ஒழுங்கு.* பல படகுகளில் கழிவறை இல்லை. இரவில் சிறுநீர் கழிக்க விளிம்புக்குப் போகும் நேரமே ஆட்கள் விழும் நேரம். தனியே போகக்கூடாது, ஒருவரை எழுப்பிவிட்டுப் போக வேண்டும், அல்லது ஒரு வாளியைப் பயன்படுத்த வேண்டும். இதில் வெட்கம் வேண்டாம். வலை விடும்போதும் தூண்டில் வரி ஓடும்போதும் கால் சிக்கும் இடத்தில் நிற்கக்கூடாது. மது அருந்தியவர் விளிம்புக்குப் போகவே கூடாது.

ஆள் விழுந்தால்

படகிலுள்ளவர்கள் செய்ய வேண்டியது:

1. "ஆள் விழுந்திட்டார்!" என்று உரத்துக் கத்துங்கள். எந்தப் பக்கம் என்பதையும் சொல்லுங்கள்.
2. ஒருவர் விழுந்தவரையே கையால் சுட்டிக்காட்டிக் கொண்டிருக்க வேண்டும். அவருக்கு வேறு வேலை கிடையாது. கண்ணை எடுக்கவும் கூடாது.
3. மிதக்கும் எதையும் வீசுங்கள். வளையம், மூடிய வெற்றுக் கான், வலையின் மிதப்பு எதுவும் உதவும். அது அவருக்குப் பிடிமானம், உங்களுக்கு அடையாளம்.
4. இடங்காட்டும் கருவி இருந்தால் அந்த இடத்தைக் குறியுங்கள். இல்லையென்றால் நேரத்தையும் போகும் திசையையும் குறியுங்கள்.
5. விழுந்த பக்கமாகவே சுக்கானைத் திருப்புங்கள். அப்போது பின்பக்கமும் காற்றாடியும் அவரை விட்டு விலகும். ஆள் விழுந்ததைப் பிந்தி அறிந்தால், வந்த தடத்திலேயே திரும்பிப் போங்கள்.
6. காற்றுக்கு எதிராக முகம் வைத்து மெதுவாக அணுகி, பக்கத்தில் வந்ததும் எஞ்சினை நிறுத்துங்கள்.
7. நனைந்து களைத்தவர் தானாக ஏற மாட்டார். இறுகாத வளையம் போட்ட கயிறோ, பக்கத்தில் தொங்கவிட்ட வலையோ கொண்டு தூக்குங்கள். அவரைப் பிடிப்பதற்காக அங்கியில்லாமல் இன்னொருவர் குதிக்கக்கூடாது.
8. வானொலியில் 16ஆம் அலைவரிசையில் உதவி கேளுங்கள். அயற்படகுகளையும் கூப்பிடுங்கள்.
9. மூச்சு இல்லையெனில் முதலில் 5 தடவை வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, பின் 30 தடவை நெஞ்சை அழுத்தி 2 தடவை ஊதுவதைத் தொடருங்கள். தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் வேண்டாம். அவை நேரத்தைக் கொல்லும். எழுந்து பேசினாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

விழுந்தவர் செய்ய வேண்டியது: படகைத் துரத்தி நீந்தாதீர்கள், படகு உங்களைவிட வேகமானது. மல்லாந்து மிதந்து, முழங்காலை மடித்துக் கைகளை நெஞ்சோடு சேர்த்து வைத்துச் சூட்டையும் பலத்தையும் காத்துக்கொள்ளுங்கள். எமது கடல் வெதுவெதுப்பானது என்றாலும் பல மணித்தியாலம் கிடந்தால் உடம்பு சூட்டை இழக்கும். வெளிச்சத்தையும் விசிலையும் படகோ விமானமோ நெருங்கும்போது பயன்படுத்துங்கள். உடுத்திருக்கும் சாரம் காலில் சிக்கும். இரவு வேலைக்குக் காற்சட்டையே நல்லது.

வீட்டிலிருப்போர் கடமை

இடம்பெயர்ந்த எமக்கு 'காணாமற் போனார்' என்ற சொல் புதியதல்ல. உடல் கிடைக்காத வீட்டில் துக்கமும் முடிவதில்லை, கடதாசிகளும் முடிவதில்லை. மரண அத்தாட்சி, நட்டஈடு, காப்புறுதி, பிள்ளைகளின் பராமரிப்பு எல்லாவற்றுக்கும் சாட்சி கேட்பார்கள். ஆகவே பிள்ளை புறப்படும் நாளில் ஒரு கொப்பியில் இவற்றை எழுதி வைக்க வேண்டும்: படகின் பக்கத்தில் எழுதியுள்ள பதிவிலக்கம் (பலநாள் படகுகளில் அது 'ஐ.எம்.யூ.எல்.' என்று தொடங்கும்), முதலாளியினதும் படகோட்டியினதும் பெயரும் தொலைபேசியும், கூடப் போவோர் பெயர்கள், புறப்பட்ட துறைமுகமும் நாளும், திரும்பும் நாள்.

முதலாளியிடம் கேட்பதற்குத் தயங்க வேண்டாம். "ஐயா, எத்தனை பேர் போகினம், எத்தனை அங்கி இருக்கு? இரவிலே காவல் யார்? ஆள் விழுந்தால் திரும்பிப் பிடிக்கிற பயிற்சி செய்து பார்த்தனீங்களா?" வயலுக்குக் கூலிக்குப் போகும்போது தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டு வாங்கிய மக்கள் நாம். இதையும் கேட்டு வாங்கலாம். ஒரு தாய் கேட்டால் முறைத்துப் பார்க்கலாம். பத்துத் தாய்மார் சேர்ந்து கேட்டால் அங்கி வரும்.

கடலுக்குப் புதியவரான பிள்ளைகள் முறையான பயிற்சி பெறுவது மிக நல்லது. கொட்டாஞ்சேனைக்கு அண்மையில், மட்டக்குளி காக்கைத்தீவில் அமைந்துள்ள சமுத்திரப் பல்கலைக்கழகம் கடற்றொழில் சார்ந்த பயிற்சிகளை நடத்துகின்றது. அங்கு விசாரித்து அறியலாம்.

கலந்துரையாடலுக்கு

1. எமது குடும்பத்தில் கடலுக்குப் போகின்றவர் எந்தப் படகில் போகின்றார்? அதன் பதிவிலக்கம் எமக்குத் தெரியுமா?
2. அங்கி அணிவதை எமது இளைஞர்கள் பயந்தவரின் வேலை என்று நினைக்கின்றார்களா? அந்த நினைப்பை எவ்வாறு மாற்றலாம்?
3. பத்துக் குடும்பங்கள் மாதந்தோறும் ஒரு சிறு தொகையைச் சேமித்தால் எவ்வளவு காலத்தில் ஒரு செய்மதிக் கருவியை வாங்கலாம்? விலையை விசாரித்துக் கணக்குப் பாருங்கள். அது யாரிடம் இருக்கும், பயணத்துக்குப் பயணம் எவ்வாறு கைமாறும்?
4. மத்தேயு 14ஆம் அதிகாரத்தில் மூழ்கத் தொடங்கிய பேதுருவுக்கு இயேசு உடனே கையை நீட்டினார். 'உடனே' என்ற அந்தச் சொல் எமது படகுகளுக்கு என்ன சொல்கின்றது?

செய்து பார்க்க

அமைதியான நாளொன்றில், பகல் வெளிச்சத்தில், படகு ஓடிக்கொண்டிருக்கும்போது மூடிய வெற்றுக் கானொன்றைச் சொல்லாமல் நீரில் போடுங்கள். ஆட்கள் அதைக் கவனிக்க எத்தனை நிமிடம், திரும்பிப் போய் எடுக்க எத்தனை நிமிடம் என்று மணிக்கூட்டில் பாருங்கள். அதைக் குழுவில் எழுதி வையுங்கள். அடுத்த மாதம் மீண்டும் செய்து, அந்த நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள். அந்தக் கானின் இடத்தில் ஒரு நாள் எமது பிள்ளை இருக்கக்கூடும்.